பட்ட கட்டையைப் பேணுதல் தகுமோ?

பட்டுப்போன கொம்பைத் தறித்து அடுப்பிலிடுதல் உலக வழக்கு. அங்ஙனமாகவும், உயிருள்ள மரத்திலே உயிர் நீங்கிய பகுதியை வெட்டியெறியாது, அதனையே அம்மரத்தின் சிறப்பெனக் கொண்டு, கழுவி மருந்து பூசிப் பாதுகாப்பாரும் உளர். அவர் யப்பான் தேசத்துப் போன்சாய்க் கலைஞர். அவர் செயல் தக்கதோ தகாததோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

போன்சாய் என்பது தட்டில் நட்டது எனப் பொருள்படும். மரத்தைச் சிறு தொட்டியில் வைத்து, வேருங் கிளையும் அளவறிந்து கத்தரித்துப் பல்லாண்டு வளர்ப்பது அக்கலை. பட்டை நீங்கி வெளுத்த கொம்பை அவர் ஜின் என்பர். அடிமரத்தில் அவ்வாறு வெளுத்தோடும் பகுதியை ஷரி என்பர். ஜின் என்பது தெய்வத்தைக் குறிக்கும் எழுத்தால் எழுதப்படும். ஷரி என்பதோ சரீரம் என்னும் வடசொல்லின் திரிபு. பௌத்த சமயத்தோடு சீனம் வழியாக யப்பானை அடைந்த அச்சொல், ஆங்குத் தகனத்தின்பின் எஞ்சிய திருவென்பைக் குறிப்பதாயிற்று. இப்பெயர்களே அவர் அக்கட்டையை எவ்வளவு மதித்தனர் என்பதைப் புலப்படுத்தும்.

இம்மதிப்புக்குக் காரணம் மலையிலுள்ளது. இத்தோயிகாவா முதலிய இடங்களின் செங்குத்தான பாறைகளில் சிம்பாக்கு என்னும் ஜூனிப்பர் மரம் வளர்கின்றது. பனி கிளையை முறிக்கும். உருளுங் கல் பட்டையை உரிக்கும். காற்று நுனியை உலர்த்தும். பட்டையிழந்த பக்கம் வெயிலால் வெளுத்து என்பு போலாகும். எஞ்சிய ஒரு கீற்றுப் பட்டையின் வழியே உயிர் ஓடி, உச்சியிலே பச்சிலையைத் தாங்கும். அவ்வெள்ளைக் கட்டை அம்மரம் பட்ட பாட்டின் சாட்சியாம்.

அற்றேல், இறந்ததை அழியவிடாது காத்தல் இயற்கைக்கு மாறாமே எனின், அற்றன்று. எம்மரத்திலும் உள்வயிரம் உயிரற்றதே. அதனைச் சூழ்ந்த புறப்பகுதியே உயிருடையது. உயிருள்ளது உயிரற்றதன்மேற் சாய்ந்தே நிற்கின்றது. கட்டை உளுத்தால் மரமும் நிலைகுலையும். ஆதலின், அதன் அழுக்கையும் பாசியையும் அகற்றி உலரவிட்டு, வேருக்குக் கேடு வாராமல் மண்ணை மூடி, சுண்ணாம்பும் கந்தகமுஞ் சேர்த்துக் காய்ச்சிய நீரைத் தூரிகையாற் பூசுவர். பூசும்போது மஞ்சளாய் நாறும் அந்நீர் உலர்ந்தபின் வெண்மையாகி, உளுப்பைத் தடுக்கும். இது வாழ்வதன்பொருட்டு மாண்டதைக் காத்தலாதலின் குற்றமன்று.

இனி, உண்மையான ஐயம் வேறுளது. காற்றும் பனியுஞ் செய்த வடுவைக் காப்பதோடு அமையாது, நலமுள்ள இளமரத்தின் பட்டையை உரித்து, உளியாலும் இக்காலத்து மின்பொறியாலுஞ் செதுக்கி, புதிதாக வடுச் செய்வாரும் உளர். ஓவியன் முதியவனை வரைதல் பொய்யாகாதது போல இதுவும் பொய்யன்று என்பர் சிலர். ஓவியத்தை ஓவியமென்றே காண்பார் அறிவர், சீலைக்கு நோவுமில்லை. மரமோ உயிருடையது. உயிர்க்கீற்றை அளவின்றிக் குறுக்கினால், அது ஊட்டும் கிளை பட்டுப்போம்.

இதற்கு எல்லை யாதெனின் கூறுதும். எவ்வாற்றானும் நீக்கவேண்டிய கிளையை முற்றும் அறுத்தெறியாது, பட்டையை மட்டும் உரித்து ஜின்னாக நிறுத்துதல் தகும். மரத்துக்கு அதனால் மிகையான இழப்பில்லை. முதுமைத் தோற்றம் ஒன்றையே வேண்டி, தாங்கமாட்டாத மரத்தைப் புண்படுத்தல் தகாது. தன் கைவேலையைக் காலத்தின் வேலையென்று கூறி விற்றல் வஞ்சனையாம்.

மக்களிடத்தும் இஃதொக்கும். துன்பத்தைப் பொறுத்து வாழ்ந்தவரின் வடுவை மதித்தல் கடன். அம்மதிப்பை விரும்பித் துன்பமுற்றார்போல நடித்தலும், துன்பம் பெருமை தருமென்று சொல்லிப் பிறரைத் துன்புறுத்தலும் அறமாகா. பெற்றோரும் ஆசிரியரும் சிறுவரை அளவின்றி வருத்திவிட்டு, உரமேற்றினோம் என்று மகிழ்வதும் இப்பிழையின் பாற்பட்டதே. நற்கலைஞன் தூரிகையை எடுக்குமுன் பச்சைக்கீற்று நலமாயிருக்கின்றதா என்று பார்ப்பான். நாமும் அதனையே முதலிற் பார்க்கக் கடவேம்.