நாயும் பூனையும் வளர்ப்போர் கடன்

படலையண்டை ஒரு நாயும் அடுக்களையண்டை ஒரு பூனையும் இல்லாத மனை யாழ்ப்பாணத்திலே அரிது. அவை எந்நாளில் வந்தன, யாரால் அழைக்கப்பட்டன என்பதை வீட்டாரே பலகால் மறந்துவிடுவர். பசுக்காத்தல் புண்ணியமென்பதைச் சைவர் யாவரும் அறிவர். நாயும் பூனையுமோ, நம்முடன் ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்கி மூத்து இறப்பனவாயிருந்தும், அவற்றுக்கு நாம் கடன்பட்டவரா, பட்டவராயின் எத்துணைப் பட்டவர் என்று ஆராய்வார் சிலரே. அவ்வாராய்ச்சி வேண்டுவதென்பது, சந்தைகளின் புறத்தும் ஆலய வீதிகளிலும் சாக்குகளிலும் கடதாசிப் பெட்டிகளிலும் விடப்பட்டுக் கிடக்கும் குட்டிகளைக் கண்டார்க்கு இனிது விளங்கும். அவற்றை விட்டுச் சென்றவர் எல்லாருங் கொடியரல்லர். அவருள்ளே புலாலுண்ணாதவரும், வெள்ளிக்கிழமை தவறாது கோயிலுக்குச் செல்பவரும் உளர். “நாம் கொல்லவில்லையே, சுவாமி சந்நிதியிலன்றோ விட்டோம்” என்பதே அவர் சமாதானம். இச்சமாதானம் சைவநெறிக்கு ஒக்குமா என்பதே ஈண்டு ஆராயப்படும்.

அதற்குமுன், இப்பிராணிகள் எத்தன்மைய என்பதை நிச்சயித்தல் வேண்டும். பிரான்சு தேசத்துத் தத்துவ நூலாராகிய தேக்கார்ட்டு என்பவர், 1637-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, விலங்குகள் பகுத்தறியும் ஆன்மா இல்லாத இயந்திரங்களை ஒப்பன என்றார். செர்மனி தேசத்துக் காண்ட் என்பவர், விலங்குகளுக்கு நாம் நேரே கடன்பட்டவரல்லேம் என்றும், அவற்றைத் துன்புறுத்திப் பழகினவன் மனிதரிடத்தும் கொடியனாவான் ஆதலின் அது தவிர்க்கத்தக்கது என்றும் கொண்டார். ஆங்கில நூலாராகிய பெந்தாம் என்பவரோ, 1789-இல் வெளிவந்த நூலிலே, பேச்சும் பகுத்தறிவும் இல்லாமை பற்றி ஓருயிரின் நோவைப் புறக்கணித்தல் நீதியன்றென வாதித்தார். 1824-இல் இலண்டன் மாநகரிலே மிருகவதையைத் தடுக்க ஒரு சங்கம் தோன்றிற்று. நம் தேசத்திலும் 1907-இல் மிருகவதைத் தடைக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. இவ்வாறு மேனாட்டார் பல தலைமுறை வாதித்து வந்தடைந்த இடம் நம்மவர்க்குத் தொடக்கமாயுள்ளது.

அஃதெங்ஙனமெனின், ஆன்மாக்கள் எண்ணிறந்தன, அநாதியாயுள்ளன, ஆணவமலத்தால் மறைப்புண்டு கன்மத்துக்கீடாகத் தேகம் எடுப்பன என்பது சைவசித்தாந்தத் துணிபு. நாயுடம்பில் இருப்பதும் நம்முடம்பில் இருப்பதும் ஓரினப் பொருளே. வேற்றுமை உடம்பினாலும் அறிவு விளங்கும் அளவினாலுமாயதேயன்றிப் பிறிதில்லை. இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் அதற்கும் உள. நம் வரவை அது விரும்பிக் காத்திருத்தல் இச்சை. பலர் காலடியோசையுள் நம் காலடியோசையைப் பிரித்துணர்தல் ஞானம். எழுந்து படலைக்கு ஓடிவருதல் கிரியை. ஆகவே நம்முன் வாலாட்டி நிற்பது நம்மைப்போலவே பிறவிக்கடலில் அகப்பட்ட ஓருயிரென்று தெளிக.

இன்னும், சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பென்பர் நம் ஆசிரியர். இவ்வியல்பு இவ்விரு பிராணிகளின் சரித்திரத்திலே கண்கூடாக விளங்குகின்றது. செர்மனியிலே ஒபர்காசல் என்னுமிடத்தில், ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு புதைக்கப்பட்ட நாயின் எலும்புகள் 1914-இல் எடுக்கப்பட்டன. சைப்பிரசுத் தீவிலே 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழியொன்றில் மனிதனுக்கு அருகே பூனை கிடத்தப்பட்டிருந்தது. ஓநாயின் வழிவந்த நாய்க்கு, மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் ஓநாயினும் மிகுந்துள்ளதென 2013-இல் மரபணு ஆராய்ச்சியாளர் காட்டினர். காட்டிலே தானே இரைதேடித் திரிந்த இனத்தை நம் வாயிலிலே இருத்தி, நம் சோற்றுக்கும் நம் குரலுக்கும் பழக்கி, நம்மையன்றிச் சார்பில்லாததாக்கியவர் மனிதரே. ஓருயிரைத் தன்னைச் சார்ந்ததாக்கினவன் அச்சார்புக்குக் கடன்பட்டவனாகின்றான். இதுவே இக்கட்டுரையின் அடிப்படையென்க.

கடன் என்றமையால் இது வெறுஞ்சுமையென்று கொள்ளற்க. இவை தரும் இன்பங்கள் பல. எசமானனின் துவிச்சக்கரவண்டி மணியைத் தெருமுனையிலேயே அறிந்து நாய் எழுந்து நிற்கும். அடுப்பவிந்தபின் இளஞ்சூட்டைத் தேடிப் பூனை அதன் அருகே சுருண்டு கிடக்கும். மழைநாளிலே வீட்டுப் பெரியவரின் சாய்மனைக் கதிரையைத் தனதாக்கிக்கொள்ளும். அவரும் அதை எழுப்ப மனமின்றி வாங்கிலே போயிருப்பர். தான் உண்ணுமுன் பிறிதொன்றின் பசியை நினைக்க வேண்டும் என்பதைச் சிறுபிள்ளை நாயின் சட்டியண்டையிலே கற்கின்றது. மக்கள் தூரதேசங்களிற் குடியேறிவிட, முதியோர் தனித்திருக்கும் மனைகள் இக்காலத்தில் நம்மூரிலே மிகப்பல. அம்மனைகளிற் சிலவற்றிலே விடியற்காலந் தொடங்கி இராக்காலம் வரை வாய்திறந்து ஒரு சொற் சொல்லுதற்கு நாயைத் தவிர வேறு துணையில்லை.

இன்பத்தோடு கவலையும் உடன்வரும். உண்ணியும் சொறியும் வரும். நாய் அயலவன் கோழியைப் பிடிக்கும். இரவிற் குரைத்து அயலார் நித்திரையைக் கெடுக்கும். திருவிழா வெடிக்கு அஞ்சி ஓடித் தொலையும். இவற்றினும் பெரிது விசர்நோய். குறிகள் தோன்றியபின் அந்நோய்க்குப் பிழைத்தார் மிகமிக அரியர். ஆயினும் வருமுன் காத்தல் எளிது. பிரான்சு தேசத்துப் பாச்சர் என்பவர் 1885-இல் விசர்நாய்க் கடியுண்ட சிறுவனொருவனுக்குத் தடுப்பூசியிட்டது முதல் அதற்கு வழி திறக்கப்பட்டுள்ளது. நாய்க்கும் பூனைக்கும் காலந்தோறும் ஊசி போடுவித்தலும், கடியுண்டால் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடுநீரிலே 15 நிமிடம் கழுவித் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதலும் வேண்டும். நாயை முத்தமிட்டு வளர்த்தும் ஊசி போடுவியாது தெருவிலே திரியவிடுவானது அன்பு, அயலான் பிள்ளைக்கு ஆபத்தாக முடியும்.

இனி எடுத்துக்கொண்ட வினாவுக்கு வருவாம். கொல்லாமையாவது கையாற் கொல்லாமை மாத்திரமன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றினும் பாவம் உண்டென்பது நம் கொள்கை. நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் பிறந்து ஏறக்குறைய பத்து நாள் கழிந்தே கண் விழிப்பன. சில வாரங்கள் தாய்ப்பாலும் தாய்ச்சூடும் இன்றி உயிர்வாழா. அவற்றைத் தாயினின்றும் பிரித்து வீதியில் விடுவோன், கொலைத்தொழிலை வெயிலிடத்தும் பசியிடத்தும் வண்டிச் சக்கரத்தினிடத்தும் ஒப்புவித்துவிட்டு விலகி நிற்கின்றான். ஓர் அடியிலே முடியக்கூடிய சாவை மூன்று நாட்சாவாக்கியவனுக்குப் புண்ணியம் எங்ஙனம் வரும்? சுவாமி சந்நிதியில் விட்டமையாற் குற்றம் குறையுமென்பதும் பொருந்தாது. தன் கடனைத் தான் இறாது கோயிற் குருக்கள் தலையிலும் பூக்கட்டும் ஏழைப் பெண்ணின் தலையிலும் ஏற்றினமையால் அது பெருகுமேயன்றிக் குறையாது. வைரவசுவாமிக்கு வடைமாலை சாத்தி, அவர் வாகனமாகிய நாயையும் வணங்கி வெளிவந்து, அச்சந்நிதியின் மதிலோரத்திலே அவ்வினத்துக் குட்டியை எறிந்து செல்லுதல் யாது வழிபாடாம்?

அற்றேல், வளர்ப்பு நாய் ஈனுந்தோறும் குட்டிகள் அனைத்தையும் வளர்த்தல் எவ்வாறு கூடுமெனின், கூடாதென்பது உண்மையே. நாய் 2 மாதத்துக்குச் சிறிது மிகுந்த காலத்திலே குட்டியீனும். பூனை ஆறு மாதப் பருவத்திற்குள்ளேயும் சூல்கொள்ளவல்லது. ஆதலின் மிருக வைத்தியரைக் கொண்டு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தலே தக்க வழியாம். உயிர்கள் பிறக்கும் வாயிலை அடைத்தல் பாவமன்றோ எனச் சிலர் வினாவுவர். ஆன்மாவுக்கு அதனதன் கன்மத்துக்கேற்ற உடம்பைக் கூட்டுவோன் இறைவன். நாம் ஒரு வாயிலை அடைத்தலால் அவன் ஆணை தடைப்படாது. நாம் தடுப்பது, ஊட்டமாட்டோமென நாமே அறிந்திருக்கும் பசியையேயாம். இதற்கு மனம் ஒருப்படாதார், பிறக்குங் குட்டிகளுக்கெல்லாம் தாமே சோறிடுதலோ, சோறிடுவார் மனை தேடிக் கொடுத்தலோ செய்க. இவ்விரண்டுமன்றி வீதியை மூன்றாம் வழியாகக் கொள்ளற்க.

நாயிடத்து அன்பு வைத்தல் பந்தமன்றோ, பத்திரகிரியார் சரிதம் அதனைக் காட்டவில்லையோ என ஒரு தடை நிகழலாம். திருவிடைமருதூரிலே மேலைக் கோபுரவாயிலில் இருந்த அவரை, ஓர் ஓடும் ஒரு நாயும் உடைமை பற்றிப் பட்டினத்தடிகள் சமுசாரியென்றதும், அதுகேட்டு அவர் ஓட்டை எறிய அது பட்டு நாய் இறந்ததும் யாவரும் அறிந்த கதை. அது முற்றத் துறந்தார்க்குரிய செய்தி. மனைவி மக்களோடும் நிலபுலத்தோடும் வாழும் நாம், மற்றெல்லாவற்றையும் பற்றி நின்று நாயை மாத்திரம் பந்தமென்று விடுதல் துறவாகாது. அன்றியும், அந்நாய் அடியவர் உண்டு கழித்த சேடத்தை உண்ட பேற்றாற் காசிராசன் மகளாய்ப் பிறந்து, அவரை நாடிவந்து, அவரோடு முத்திபெற்றதென்றே அக்கதை முடிகின்றது. நல்லாரைச் சார்ந்த நாயும் உய்ந்தது. நம்மைச் சார்ந்தது எதனைப் பெறுகின்றது என்பதே நாம் நம்மை வினாவத்தக்கது.

புலாலுண்ணாச் சைவர் மனையிலே பூனை வளர்த்தலில் வேறொரு சங்கடம் உண்டு. நாய் தக்கவாறு சேர்த்துக் கொடுக்கப்படும் மரக்கறி உணவால் வாழவல்லது. பூனையின் உடம்போ ஊனின்றி அமையாதது. டோரின் என்னுஞ் சத்து உணவிற் குறைந்தாற் பூனையின் கண் கெடுமென 1975-இலும், இருதயம் தளருமென 1987-இலும் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அச்சத்து ஊனிலே உள்ளது. சோற்றிலும் பருப்பிலும் இல்லை. புலாலுண்ணாமை விவேகம் வாய்ந்த மனிதப் பிறவிக்கு விதிக்கப்பட்ட விரதம். அதனைக் கன்மத்தால் ஊனுடம்பு பெற்ற பிராணியின்மேல் ஏற்றி அதனைக் குருடாக்குதல் விரதமன்று. அதன்பொருட்டு மீன் வாங்குதலிற் குற்றம் சிறிதுமில்லையென்று சொல்லவுந் துணியேம். மனம் ஒவ்வாதார் பூனையை ஏற்காதொழிக. முன்னரே ஏற்றவர், அச்சத்தைச் செயற்கையாற் சேர்த்துச் செய்த உணவையாயினும், அடுக்களைக்குப் புறம்பே வேறு கலத்தில் மீனையாயினும் கொடுக்க. ஏற்றுக்கொண்டு பட்டினி போடுதல் இரண்டினுந் தீது.

இயலாமை வேறு, மனமின்மை வேறு என்பதும் ஈண்டு உணரற்பாலது. 1995-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களிலே வலிகாமத்து மக்கள் யுத்தத்தால் வீடுவாசல் துறந்து தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, கைப்பிள்ளையையும் நடைதளர்ந்த முதியோரையும் காத்தலே அரிதாயிற்று. வெறுமனைகளின் படலையிலே நாய்கள் காத்துக் கிடந்தன. விட்டுச் சென்றவரை எவர் குற்றங்கூறுவர்? அவர் நெஞ்சே அவரைப் பன்னாள் வருத்திற்று. கனடாவுக்கோ இலண்டனுக்கோ மாதங்கள் பலவற்றுக்கு முன்னே பயணச்சீட்டு வாங்கி, காணிக்கும் நகைக்கும் வழிவகை செய்து, பத்தாண்டு வாயில் காத்த நாயை மாத்திரம் புறப்படும் மாலையிலே நினைப்பவர் நிலை அன்னதன்று. அயலவரோடு பேசி, அதன் உணவுக்குப் பொருள் ஒதுக்கி, பழகிய கையொன்றிலே ஒப்புவித்துச் செல்லுதல் அவர்க்கு இயலும்.

ஆதலின் ஒரு குட்டியை ஏற்குமுன், அது பன்னிரண்டு பதினைந்து ஆண்டு வாழும் உயிரென்பதை எண்ணுக. குட்டிப்பருவத்து விளையாட்டு ஓராண்டில் முடியும். கண் மங்கி, பல் உதிர்ந்து, இருந்தவிடத்தே அசுத்தஞ் செய்யும் மூப்பும் வரும். அக்காலத்திலேயே நாம் பட்ட கடன் இறுக்கத்தக்கது. அதுகாறும் நாம் துய்த்த இன்பம் கடனிறுத்தலன்று, கடன் வாங்குதலேயாம்.

சைவ நன்மக்காள்! திருவாசகம் ஓதுங்காலத்து, மாணிக்கவாசக சுவாமிகள் தம்மை நாயென்று பலவிடத்துந் தாழ்த்தி, இறைவன் கைவிடாமையை இரந்து நிற்றலைக் காண்கின்றோம். அவ்வாக்கை நம் வாயாற் சொல்லி நாமும் அதனையே இரக்கின்றோம். மலமுடையேமாய், பயனில்லேமாய், மூப்பும் பிணியும் உற்ற காலத்தும் எம்மை நீக்காதே என்பது நம் விண்ணப்பம். அவ்விண்ணப்பத்தைச் செய்து வீடு மீள்வோமுக்கு, படலையிலே எழமாட்டாது கிடந்து வாலை மாத்திரம் அசைக்கும் கிழநாய் செய்யும் விண்ணப்பமும் அதுவேயென்பது விளங்காதொழியுமா? அதற்கு ஒரு கலம் நீரும் ஒரு பிடி சோறும் நிழலில் ஓரிடமும் கொடுத்து, அதன் இறுதிநாள்காறும் காத்துக்கொள்வோமாக.