ஞாயிறு இல்லாத வீடு

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். நர்சிங் பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. வீட்டிலோ ஒருவருடைய பகலும் இரவும் அதிலேயே போய்விடுகிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள்.

நோய்க்கு ஞாயிறு தெரியாது. அதனால்தான் தங்கள் விடுமுறையை அப்படிப்பட்ட வீட்டுக்குக் கொடுக்கும் நர்சிங் மாணவர்கள் நமக்கு முக்கியமானவர்கள். அவர்கள் மருந்து எழுதித் தருவதில்லை. நகம் வெட்டுகிறார்கள், தலை வாரிவிடுகிறார்கள், விரிப்பில் சுருக்கம் விழாமல் இழுத்துவிடுகிறார்கள். மதிப்பெண் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. யாரும் பார்க்காத இடத்தில் கை கழுவுகிறபோதுதான் படித்தது மனதில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வார்டில் நோயாளி வந்து போகிறவர். வீட்டிலோ செவிலியர்தான் விருந்தாளி. கதவருகே செருப்பைக் கழற்றும்போதே அந்தப் பணிவு வந்துவிடுகிறது, எந்த வகுப்பிலும் அதைச் சொல்லித்தர முடியாது.

இப்படி வீடு தேடிப் போவது புதிதல்ல. 1993-இல் கோழிக்கோட்டில் சிறிய அளவில் தொடங்கிய வலி நிவாரணப் பராமரிப்பு, தன்னார்வலர்களின் கைகளால்தான் கேரளத்தின் வீடுகளுக்குள் போனது. 2008-இல் அந்த மாநில அரசே அதற்கெனக் கொள்கை வகுத்தது.

உங்கள் தெருவிலும் அப்படியொரு வீடு இருக்கும். வரும் ஞாயிறு இரண்டு மணி நேரம் அங்கே போய் உட்காருங்கள். பார்த்துக்கொள்கிறவர் கொஞ்சம் தூங்கட்டும்.