வித்தை எவருக்குச் சொந்தம்?

தான் கற்ற வித்தையைப் பிறர் கண்ணிற் படாமல் மூடிவைப்பதற்கு ஒரு கைவினைஞனுக்கு உரிமை உண்டா? மூலிகையின் பெயரைப் பரிபாஷையில் ஒளித்துவைத்த வைத்திய மரபை அறிந்த நமக்கு இவ்வினா புதியதன்று. எனினும் அதனை இங்கு எழுப்ப நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது: மின்கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் வால்வு அம்பிளிபயர். கேளிக்கைக் கருவியொன்றில் அறவியலைத் தேடுவதா என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். மனிதரின் உழைப்பு சென்று படிந்த பொருள் எதுவாயினும் அதில் அறத்தின் கேள்வியும் படிந்தே இருக்கும் என்பது நம் எண்ணம்.

கலிபோர்னியாவில் வாழ்ந்து 2022 இல் மறைந்த ஹவார்ட் அலெக்சாண்டர் டம்பிள் என்பவர், அம்பிளிபயர்களை ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே செய்தவர். அவர் வாழ்நாளில் செய்தவை சில நூறு மாத்திரமே. அவற்றுள் ஒன்று கைமாறும்போது இன்று ஒரு இலட்சம் டொலருக்கு மேலும் விலை போகிறது. அவற்றிற் பலவற்றைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சுற்றின் முக்கிய பகுதி தென்படாது. அதன் மேல் எப்பொக்சிப் பிசினை ஊற்றி இறுகச் செய்திருப்பார். பிறர் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

அப்படி மறைக்கத்தக்கதாக உள்ளே இருந்தது என்ன? வால்வு ஒன்று தாங்கக்கூடிய அளவுக்கு மேலாகக் குறிப்பை ஏற்றினால் ஒலியின் அலை தலை சிதைந்து வெளிவரும். வானொலிப் பொறியியலாளருக்கு அது குற்றம். கிற்றார் வாசித்தவர்களோ அக்குற்றத்தையே விரும்பினார்கள். சிதைந்த ஒலியில் மனிதக் குரலின் கரகரப்பையும் நீட்சியையும் கண்டார்கள். ஆயினும் தெளிந்த ஒலியும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்து, காலால் மிதித்து மாற்றிக்கொள்ளும் பல்வழி அம்பிளிபயர் இத்தேவையிற் பிறந்தது. தெளிந்த வழியின் ஒலியை எடுத்து மேலும் சில பெருக்கற் கட்டங்களினூடாகச் செலுத்தினால் சிதைவு வழி கிடைக்கும். ஒரு கட்டம் ஏறத்தாழ 50 மடங்கு பெருக்குமாயின் இரண்டு கட்டங்கள் 2,500 மடங்கும், மூன்று கட்டங்கள் 125,000 மடங்கும் பெருக்கும். கட்டங்களுக்கு இடையில் ஒரு பகுதியை வேண்டுமென்றே குறைப்பார்கள். எங்கே, எவ்வளவு குறைப்பது என்பதிலேதான் செய்பவரின் செவி வேலை செய்கிறது.

டம்பிளின் செவி நுட்பமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் எந்த நிலத்தில் நின்று அதனைப் பயன்படுத்தினார்? அவருடைய தெளிந்த வழியின் அடிப்படை, லியோ பென்டரின் பெட்டிகளிலிருந்து வந்தது. 1938 இல் புலர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை வைத்த பென்டரோ, வால்வு உற்பத்தியாளர் கைநூல்களில் அச்சிட்டு வெளியிட்ட சுற்றுக்களைக் கற்றே தம் தொழிலைத் தொடங்கியவர். அவரது பழைய பெட்டிகளில், பெரும் தொலைபேசி நிறுவனங்களின் காப்புரிமையின் கீழ் அனுமதி பெற்றவை என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். தம் சுற்றுவரைபடங்களையும் அவர் மறைக்கவில்லை. திருத்துவோர் கைக்கு அவை எட்டின. 1962 இல் லண்டன் மாநகரின் ஹன்வெல் பகுதியில் ஜிம் மார்ஷலின் கடையில் இருந்தவர்கள், பென்டரின் 'பேஸ்மன்' பெட்டியை முன்வைத்தே தமது முதல் அம்பிளிபயரைச் செய்தார்கள். சுற்று ஏறக்குறைய அதுவே. ஆனால் வால்வுகள் வேறு, ஒலிபெருக்கிகள் வேறு, அவற்றை அடைத்த பேழையும் வேறு. பிரதி என்று தொடங்கியது, சில ஆண்டுகளுக்குள் தனக்கென ஒரு குரலைப் பெற்றுவிட்டது. பென்டரும் அன்று பிசின் ஊற்றியிருந்தால் இசையுலகம் எதனை இழந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வரைபடம் கிடைத்தால் மட்டும் பெட்டி பாடிவிடாது என்பதும் உண்மை. இத்தனை மடங்கு பெருக்கும் சுற்றில், ஒரு கம்பி ஓர் அங்குலம் விலகிக் கிடந்தால் போதும்: பின்கட்டத்தின் ஒலி முன்கட்டத்துக்குள் கசிந்து பெட்டி ஊளையிடும். வால்வைச் சூடாக்கும் கம்பிகளை இறுக முறுக்கி ஓரமாகக் கொண்டுசெல்லாவிட்டால் இரைச்சல் புகும். எந்தக் கம்பியை எங்கே வளைப்பது, எவ்வளவு நேரம் சூட்டுக்கோலை வைத்தால் பற்றாசு சரியாகப் பிடிக்கும் என்பன கைக்கு மட்டுமே தெரிந்த சங்கதிகள்.

அந்தக் கைகள் எவருடையவை? பென்டரின் தொழிற்சாலையில் சுற்றுக்களைப் பற்றவைத்தவர்களிற் பலர் பெண்கள். 1950களின் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே சிறு நாடாத் துண்டொன்றில் ஒரு பெண்ணின் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ஸ்பானியப் பெயர்களும் அவற்றுள் உண்டு. வேலையைச் செய்தவர் இன்னார் என்பதைக் காட்டுவதற்கு இடப்பட்ட தொழிற்சாலை அடையாளம் அது. இன்று பழம்பொருள் வணிகர் அதனைப் படமெடுத்து விலையை ஏற்றுகிறார்கள். 1965 இல் அந்நிறுவனம் 13 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டபோது, பெட்டியின் முகப்பில் இருந்த பெயருக்கு உரியவர் செல்வந்தரானார். நாடாவிற் பெயர் எழுதியவர்களின் கைவன்மையும் அவ்விலையில் அடங்கியிருந்தது என்பதை எவரும் கணக்கிட்டதாக நாம் அறியோம்.

டம்பிளுக்கு நாம் அநீதி இழைக்கக் கூடாது. தொழிற்சாலையோ மூலதனமோ இல்லாத தனி உழைப்பாளி அவர். அவர் பல்லாண்டு முயன்று கண்டதை ஒரு பெருநிறுவனம் ஒரே மாதத்திற் பிரதி செய்து ஆயிரக்கணக்கில் விற்றுவிடலாம். அவருக்கு ஒரு சதமும் சேராது. அச்சம் நியாயமானது. ஆனால் அச்சத்தை விளைத்தது சந்தை. பிசின் தடுத்ததோ திருத்துபவரையும் கற்பவரையும். பழுதுற்ற உறுப்பொன்றை மாற்ற முனையும் தொழிலாளி பாறையைத் தோண்டுவதுபோல் தோண்ட வேண்டியிருக்கிறது. இதே துறையில் ராண்டல் ஸ்மித் மற்றொரு வழியை நாடினார்: வழிமாற்றும் தமது சுற்றுக்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமையில் நமக்கு மோகம் எதுவுமில்லை. பணம் படைத்தவனுக்கே அது நல்ல ஆயுதம். எனினும் உள்ளதை ஊரறிய எழுதிவைத்தால்தான் அது கிடைக்கும். குறித்த ஆண்டுகள் கழிந்ததும் எழுதிவைத்தது எல்லோருக்கும் உரியதாகிவிடும். பிசினுக்கு அத்தகைய தவணை எதுவும் கிடையாது.

'தனியொருவரின் கைவண்ணம்' என்று இப்பெட்டிகளை விளம்பரம் செய்வதிலும் பாதி உண்மையே உண்டு. இன்று புதிதாகக் கிடைக்கும் வால்வுகளிற் பெரும்பகுதி ரஷ்யாவின் சரதோவ் நகரிலும், சிலோவாக்கியாவிலும், சீனாவிலும் உள்ள சில ஆலைகளிலிருந்து வருகிறது. 2022 மார்ச்சில் ரஷ்ய அரசு ஏற்றுமதித் தடை விதித்தபோது அமெரிக்கப் பட்டறைகள் கலங்கிப்போயின. அமைதியான அறையில் தனியே அமர்ந்து கம்பி வளைப்பவரின் மேசைக்கு, முகம் அறியாத எத்தனையோ தொழிலாளரின் உழைப்பு வந்து சேர்ந்திருந்தது அப்பொழுதுதான் பலருக்குத் தெரிந்தது.

பிசினும் நெடுநாள் நிலைக்கவில்லை. பொறுமைசாலிகள் அதனைச் சிறிது சிறிதாகப் பெயர்த்து, உள்ளிருந்த தடைகளையும் கொள்ளளவிகளையும் அளந்து வரைபடமாக்கினார்கள். பெருநிறுவனங்களும் சிறு பட்டறைகளும் அவ்வழியிற் பெட்டிகள் செய்து விற்கின்றன. ஊதியம் கருதாத ஆர்வலர்கள் பல நாடுகளில் இருந்தபடி வரைபடங்களைத் திருத்தி, கம்பி செல்லும் பாதையையும் வரைந்து, முன்பின் அறியாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள். கொடுக்கும்போது அவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் ஒலியைப் பற்றியதன்று: மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவிகளில் 400 வோல்ற்றுக்கு மேலான மின்னேற்றம் தங்கியிருக்கும், அதனை வெளியேற்றி, அளந்து பார்த்த பிறகே கையை உள்ளே விடுக.