ஆடுவது யாருக்காக?

கோயம்புத்தூரை அடுத்த காரமடை அரங்கநாதர் திருக்கோயிலில், மாசி மகத் தேர்த் திருவிழாவை ஒட்டிப் பந்த சேவை, தண்ணீர் சேவை என்னும் வழிபாடுகள் நிகழ்கின்றன. தீப்பந்தம் ஏந்தி ஆடுவது முன்னது. தோற்பையில் நீர் சுமந்து ஆடிவந்து எம்பெருமானுக்குச் சமர்ப்பிப்பது பின்னது. காந்திபுரத்துச் சந்தடியிலிருந்து பேருந்தேறிச் சென்று அதனைச் சேவிக்கும் ஒருவருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். கைகூப்பி நின்றால் போதாதா? காலும் ஆட வேண்டுமா?

நின்ற உடலுக்குள் நெஞ்சமும் நிற்குமாயின் இவ்வையம் நியாயமே. ஆனால் கூப்பிய கைக்குப் பின்னே மில் வேலையும், வட்டித் தவணையும், மகளின் வரனும் ஓடிக்கொண்டிருப்பதை யார் அறியார்? ஆடுகிறவனுக்கு அவ்வளவு ஓய்வு கிடைப்பதில்லை. கொங்கு நாட்டுக் கும்மியைப் பார்த்தால் இது விளங்கும். பாட்டுக்கும் கொட்டுக்கும் இசைய அடி வைத்து, குனிந்து, நிமிர்ந்து, திரும்பிக் கைதட்ட வேண்டும். நினைவு சற்றே வேறிடம் சென்றால் அடுத்தவர் மீது மோத நேரும். செவி தாளத்தையும், கால் செவியையும் பின்பற்ற, மனம் வேறு வழியின்றி உடலிருக்கும் இடத்திற்கே வந்து சேர்கிறது. 1940களில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், புனித எலிசபெத் மனநல மருத்துவமனையில், மேரியன் சேஸ் என்னும் நடன மாது, பேச்சால் அணுக இயலாத நோயாளிகளை அசைவின் வழியே அணுகினார். இன்று நடன இயக்கச் சிகிச்சை எனப்படும் துறைக்கு முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

சிக்கல் இதற்குப் பின்பே தொடங்குகிறது. மன அமைதிக்காக ஒருவர் ஆடினால் அது பக்தியாகுமா? கைங்கரியத்தில் தன் இன்பத்தை முன்வைப்பது பயிரிடையே முளைத்த களை என்பது ஆசாரியர்களின் கொள்கை. ஆத்மா எம்பெருமானுக்கே உரியது. அவன் உகப்பே பயன். அவ்வுகப்பைக் கண்டு இவனுக்குண்டாகும் மகிழ்ச்சி பின்னே வருவது. நாதமுனிகள் தம் மருமக்களாகிய மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவருக்கும் திவ்யப் பிரபந்தத்தை இசையுடன் பயிற்றுவித்தார் என்பது வரலாறு. அவ்வழியில் வந்த அரையர்கள் திருவரங்கத்திலும், ஸ்ரீவில்லிபுத்தூரிலும், ஆழ்வார்திருநகரியிலும் தாளமேந்திப் பாசுரத்தை அபிநயிக்கும்போது, அரையரின் சொந்த அமைதி பற்றி எவரும் வினவுவதில்லை. அங்கே உடல் முழுவதும் பாசுரத்தின் பொருளுக்கு ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது.

எனினும் இக்கொள்கையை வாயிற்காப்போன் கையில் கோலாகக் கொடுப்பது முறையன்று. துயரத்தோடு வந்து தன் பாரம் இறங்கினால் போதுமென்று ஆடுகிறவளை, ‘உன் பயனைக் கருதுகிறாய்’ என விலக்குவார் உண்டோ? அவள் தன்னை மறக்கும் அக்கணத்தில், எதை நாடி வந்தாளோ அதையும் மறந்துவிடுகிறாள். அடியார் ஆடிப்பாடுவதைக் குலசேகரப் பெருமாள் ஒரு பதிகம் முழுவதும் கொண்டாடி, அவர்களைப் பித்தர் என்பாரையும் மறுத்துரைத்தார். ஆடும் உரிமையும் எளிதாக எல்லார்க்கும் கிட்டியதன்று. ஆடவரே பெரும்பாலும் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் பயிற்றியவர், மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன். 2024-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. (வள்ளியைத் திருமாலின் மகளெனக் கூறும் புராண மரபை இங்கு நினைவுகூர்தல் தகும்.)

ஐயுற வேண்டியது துயருற்றோரின் ஆட்டத்தை அன்று. பார்ப்பவர் கண்ணுக்காக ஆடும் ஆட்டத்தையே. கைப்பேசி உயர்ந்ததும் முகம் அதன் பக்கம் திரும்புமாயின், செவி தாளத்தை விட்டுவிட்டது என்பது திண்ணம். தண்ணீர் சேவையில் அதற்கு இடம் குறைவு. தோளில் தோற்பை கனக்கிறது. உள்ளிருக்கும் நீரும் உடன் அசைகிறது. சுமப்பவனின் கருத்தெல்லாம் அதைச் சேர்க்குமிடத்தில் இருக்கிறது. சேர்த்தபின் வெறும் பையோடு திரும்புகிறவனின் நடையில், கொட்டு நின்ற பின்னரும், சிறிது தூரம் அந்தத் தாளம் தொடர்ந்து வருகிறது.