கக்கத்தில் ஒரு நோட்டு

துறைத் தலைவர் அறைக்கு வெளியே கிடக்கும் அந்த மர பெஞ்சை எனக்கு நன்றாகத் தெரியும். அதில் உட்கார்ந்திருக்கும் உன்னையும் தெரியும். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் நடத்தைச் சான்றிதழ் வரை அசலும் நகலும். பயணப்படி கிடையாது என்று அறிவிப்பின் அடியிலேயே போட்டிருந்தார்கள். ராத்திரி பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டு கட்டணக் குளியலறையில் குளித்து, மடிப்பு கலைந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்துவிட்டாய். பக்கத்தில் இருப்பவன் காதோரம் குனிகிறான். "ஆள் ஏற்கெனவே முடிவாயிடுச்சாம். நாம சும்மா கணக்குக்கு."

இந்த வார்த்தை என்னையும் ஒருநாள் சாய்த்தது. ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கான நேர்முகம். அதைக் கேட்ட பிறகு அறைக்குள் போனது என் உடம்பு மட்டும்தான். எம்.எஸ்சி.யில் என்ன புராஜெக்ட் என்றார்கள், தலைப்பை ஒப்பித்தேன். "ஏன் அந்த முறையை எடுத்தீர்கள்?" என்றார்கள். ஆறு மாதம் ராப்பகலாகச் செய்த வேலை; ஒரு வார்த்தை வரவில்லை. நான்கு நிமிடத்தில் வெளியே வந்தேன். அடுத்து உள்ளே போகக் காத்திருந்த பையனிடம், "ஆள் முடிவாயிடுச்சு தம்பி" என்று நானும் சொன்னேன். தோற்றதை மறந்துவிட்டேன். அவனிடம் அப்படிச் சொன்னது இன்றைக்கும் கூசுகிறது.

ஆள் முடிவாகியிருக்கலாம். அப்படி நடக்கும் இடங்கள் உண்டு, இல்லை என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் இந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பெஞ்சில் இருக்கிற எவனுக்கும் தெரியாது. பல வருடம் கழித்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் எனக்கே ஒன்று புரிந்தது: அங்கே இருப்பவருக்கும் வயிற்றில் புளி கரைகிறது! மூன்று வருடத் திட்டம். நிதி ஒதுக்கிவிட்டார்கள், நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. கருவி வந்து பிரிக்காமல் கிடக்கிறது. அறிக்கை கேட்டுக் கடிதம் வரும். வேலை செய்கிற இரண்டு கை கிடைக்காதா என்று அவர் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருப்பார். நீ யாசகம் கேட்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். தேடிக்கொண்டிருப்பவர் அவர்.

1910-ல் இதே மாதிரி ஒரு நேர்முகம் நடந்தது. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் முன்னால் ஒருவர் வந்து நின்றார். குள்ளமாய், பருமனாய், சவரம் செய்யாத முகம், உடையிலும் அத்தனை சுத்தம் இல்லை. கண் மட்டும் பளபளக்கிறது. கக்கத்தில் நைந்துபோன ஒரு நோட்டு. ராமானுஜன். கல்லூரியில் எப்.ஏ. தேர்வில்கூடத் தேறாதவர். இந்தக் கதை உனக்குத் தெரியும் என்பாய். மேதை கதைகளைச் சொல்லி உசுப்பேற்றுவது எனக்கும் பிடிக்காது. அவருடைய கணிதம் நமக்கு வராது. அவர் அந்தச் சந்திப்பை நடத்திய விதம் வரும். நோட்டில் இருந்தது ராவுக்கு முதலில் பிடிபடவில்லை, மறுபடி வரச் சொன்னார். ராமானுஜன் திரும்பி வந்தார். எதிரே இருப்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை அதற்குள் அளந்து வைத்திருந்தார். இதைப் பிற்பாடு ராவே எழுதியிருக்கிறார். எளிய முடிவுகளை முதலில் காட்டினார். பிறகு படிப்படியாகக் கைபிடித்து உயரத்துக்கு அழைத்துப் போனார். என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆராய்ச்சியைத் தொடர வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது போதும் என்றார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. 1913-ல், பட்டம் இல்லாமலே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் ஆராய்ச்சி மாணவர்.

தேர்வுக் குழுவை அளப்பது உன் வேலை! உன் தலைப்பைப் பற்றி அங்கே இருக்கும் ஐந்து பேரில் நான்கு பேருக்கு உன்னளவு தெரியாது. முதல் இரண்டு வாக்கியம் உங்கள் ஊர்ப் பக்கத்து வீட்டு அக்காவுக்கே புரிகிற மாதிரி இருக்கட்டும். அவர்கள் முகத்தைப் பார்த்து அடுத்த படி வை.

செய்யாததைச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே. ஒருமுறை பயோடேட்டாவில் ஹெச்.பி.எல்.சி. என்ற பகுப்பாய்வுக் கருவி தெரியும் என்று எழுதியிருந்த ஒரு பையனிடம், மொபைல் ஃபேஸ் என்ன வைத்தாய் என்று கேட்டேன். "மெத்தனால் சார்." எத்தனை சதவீதம்? மின்விசிறியைப் பார்த்தான். அடுத்து வந்த பெண்ணும் அதையே எழுதியிருந்தாள். அதே கேள்வி. "கருவியை நான் இயக்கியதில்லை சார். அதற்கு ஆபரேட்டர் இருந்தார். சாம்பிள் எல்லாம் நான்தான் தயார் பண்ணிக் கொடுத்தேன்" என்றாள். எப்படித் தயார் செய்தாய் என்றேன். அவ்வளவுதான், குரல் நிமிர்ந்துவிட்டது. 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடிகட்டாமல் கொடுத்தால் கருவியின் குழல் அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும் என்றாள். ஒருநாள் அவசரத்தில் அப்படிக் கொடுத்து ஆபரேட்டரிடம் திட்டு வாங்கியதையும் மறைக்காமல் சொன்னாள். நாங்கள் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அவள் இங்கிலீஷ் பாதியில் தமிழுக்குத் தாவியது யாருக்கும் உறைக்கவே இல்லை. வேலை அவளுக்குத்தான்.

இங்கிலீஷ் என்றதும் உனக்குத் தொண்டை உலர்கிறது இல்லையா? உலரட்டும், ஒரு வாய் தண்ணீர் குடி! சின்ன வாக்கியமாகப் பேசு. நீ செய்த வேலையை இருபது இங்கிலீஷ் வாக்கியத்தில் நீயே எழுதி, ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்று உரக்கச் சொல்லிப் பார். மனப்பாடம் ஆகிற வரை வேண்டாம், நாக்குப் பழகுகிற வரை போதும். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு தடவை கேட்கச் சொல். விடை தெரியாவிட்டால் "தெரியாது" என்று கண்ணைப் பார்த்துச் சொல். தெரியாததைக் குழப்பி அடிப்பவனைக் குழு உடனே மோப்பம் பிடித்துவிடும்.

உதவிப் பேராசிரியர் நேர்முகத்துக்குப் போகிறாயா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையை உட்கார்ந்து படி. பல்கலைக்கழக வேலை என்றால் முனைவர் பட்டத்துக்கு 30, கட்டுரைகளுக்கு அதிகம் போனால் 10 என்று போடும் புள்ளிகள் எல்லாம் நேர்முகத்துக்கு ஆளைக் கூப்பிட மட்டுமே. தேர்வு நேர்முகத்தில் நீ எப்படிச் செய்கிறாய் என்பதை வைத்துத்தான் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இதனால் வேண்டியவர்களைத் திணிக்க வழி கிடைக்கிறது என்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இளநிலையில் 58 சதவீதம் வாங்கியதை நினைத்துக் கூனிக் குறுகி உள்ளே போகிறாயே, அந்த எண் வாசலோடு செத்துவிட்டது! அதை ஏன் உள்ளே தூக்கிக்கொண்டு போகிறாய்?

அலுவலக வேலைக்கு வந்தவர்களுக்கும் ஒன்று. மத்திய அரசில் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகமே கிடையாது. எழுத்துத் தேர்விலும் திறன் தேர்விலும் முடிந்துவிடும். திட்டங்களில் தொகுப்பூதியத்துக்கு எடுக்கும் உதவியாளர் வேலைக்கு நேர்முகம் உண்டு. நிதி கொடுத்தவருக்கு அனுப்பும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவம் என்று ஒருத்தி சொல்லட்டும், ஸ்டாக் ரெஜிஸ்டரில் பதியாமல் பில் பாஸ் ஆகாது என்று சேர்த்துச் சொல்லட்டும், பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அவர் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் காகிதங்கள்தான்.

2023 ஜனவரி முதல் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 37,000 ரூபாய். அது உன் உழைப்புக்கான கூலி. உழைப்பை விற்க வந்தவன் நாற்காலியின் நுனியில் ஏன் உட்கார வேண்டும்? முதுகைச் சாய்த்து நன்றாக உட்கார்! கடைசியில், எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா என்பார்கள். ஊரே தலையாட்டிவிட்டு எழுந்து போகும். நீ கேள்: இந்த வேலையில் பிஎச்.டி. பதிய வழி உண்டா, கருவி வந்துவிட்டதா, முதல் ஆறு மாதம் என்ன செய்யவேண்டும்? சேர மனம் உள்ளவன் கேட்கிற கேள்விகள் இவை.

கிடைக்காமல் போனால் அழு. ஒரு டீ குடி. சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உனக்குப் போட்ட மதிப்பெண்ணைக் கேள். பஸ்ஸில் உட்கார்ந்ததும், அவர்கள் கேட்ட கேள்விகளை மறப்பதற்குள் எழுதி வை. நான் அப்படித்தான் எழுதினேன், ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில்: "ஏன் அந்த முறை?"

எட்டு மாதம் கழித்து வேறொரு பல்கலைக்கழகம், அதே மாதிரி பெஞ்சு. பக்கத்தில் இருந்தவன் அதே வசனத்தைச் சொன்னான். "அப்படியா?" என்றேன். ஃபைலுக்கு மேலே என் லேப் நோட்டு இருந்தது, அமிலம் பட்டு ஓரம் பழுப்பான நோட்டு. உள்ளே அதே கேள்வி வந்தது. நோட்டைத் திறந்து, முதலில் எடுத்த முறை தோற்றுப்போன பக்கத்தை மேசைமேல் வைத்தேன். நாலு நாற்காலியும் முன்னால் நகர்ந்தன.

இதோ, உன் கதவு திறக்கிறது. பியூன் உன் பெயரைத் தப்பாகத்தான் கூப்பிடுவார். நோட்டை எடுத்துக்கொள். எழுந்திரு.