முதலில் ஒட்டகத்தைக் கட்டுவோம்



ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதா, அவிழ்த்துவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா என்று ஒருவர் வினவியபோது, முதலில் கட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததைத் திர்மிதியில் காண்கிறோம். கடை விஷயத்தில் இந்த ஹதீஸின்படி நம்மைப் போல் அமல் செய்பவர் யார்? நோன்புப் பெருநாள் சரக்குக்கு ரஜபு மாதத்திலேயே பட்டியல் போட்டுவிடுகிறோம். மக்கள் படிப்பென்றால் மட்டும், எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாள் ஹஜ்ரத்திடம் துஆக் கேட்டு ஓடுகிறோம். துஆ நல்லதுதான், ஒட்டகம் அதற்குள் வெகுதூரம் போயிருக்கும்!

மிஸ்ரு நாட்டில் யூசுப் நபி (அலை) அவர்கள் பஞ்சம் வந்தபின் களஞ்சியம் தேடவில்லை. விளைச்சல் கண்ட ஏழாண்டுகளிலேயே தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் செய்தார்கள். நம் பிள்ளைகளுக்கு விளைச்சல் காலம் நான்காம் படிவத்தில் தொடங்குகிறது. டாக்டராக விரும்பும் பிள்ளை அங்கே உயிரியலையும் இரசாயனத்தையும் விட்டுவிட்டால், பின்னர் எவர் சிபாரிசும் பலிக்காது. மலாய் மொழியிலும் சரித்திரத்திலும் தேறாதவருக்கோ எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, டிப்ளோமாவா என்பதை முடிவு வருமுன்பே வீட்டில் பேசித் தீர்க்க வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. வழியாக மனுச் செய்வதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். அது நம் கடைக் கதவல்ல, தட்டினால் திறப்பதற்கு.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அதன்படி பேரேட்டைப் பேணும் நாம், பிள்ளையின் பத்திரங்களைப் பேணுகிறோமா? பிறப்புச் சான்றில் ‘முகம்மது’ ஒரு விதமாகவும், பள்ளி ஏட்டில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது நம்மவரிடையே சர்வ சாதாரணம். அதை இன்றே பார்த்துத் திருத்துங்கள்.

"கடைக்கு ஆள் வேண்டாமா?" என்பீர்கள். ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழகமும், பாத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் ஒன்றும் இருக்க, தேறிய பையன் கல்லாவில் சில்லறை எண்ணுவதா? திருச்சியில் 1951-இல் கல்லூரி நிறுவிய ஹாஜி ஜமால் முகம்மது சாகிபும் காஜா மியான் ராவுத்தரும் வணிகர்களே. அவர்கள் கடைக்கும் ஆள் தேவைப்பட்டிருக்கும்!

வரும் ஞாயிறு அஸருக்குப் பின், நான்காம் படிவப் பிள்ளைகளைப் பத்திரங்களோடு சங்கத்துக்கு அழைத்து வாருங்கள், பெண் மக்களையும்தான்.