கால்கட்டு

குடிக்கிறானா, ஒரு கால்கட்டைப் போட்டுவிடு. வேலைக்குப் போகவில்லையா, அதற்கும் கால்கட்டுதான். எங்கள் அனுப்பர்பாளையத்தில் ஆண்பிள்ளையின் எல்லாக் கோளாறுக்கும் இது ஒன்றே வைத்தியம். பெண் மீது நாட்டமில்லாமல் இன்னொரு ஆணை விரும்புகிறவனுக்கும் இதையேதான் செய்து வைக்கிறார்கள்.

ஒருபால் உறவு சரியா தப்பா என்கிற வாதத்தில் இந்தக் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றமா இல்லையா என்கிற சட்டத்தின் பேச்சு அதோடு முடிந்தது; அறத்தின் பேச்சு முடியவில்லை. சாமிக்கு ஆகாது, குலம் தழைக்காது என்று நம்புகிறவரை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பையனுக்குப் பக்கத்தில் மணவறையில் உட்காரப் போகிற பெண் என்ன பாவம் செய்தாள்?

சுற்றிலும் பனியன் கம்பெனிகள் வந்துவிட்டாலும், எங்கள் பாத்திரப் பட்டறைகளுக்கு முகூர்த்த மாதங்கள்தான் சோறு போடுகின்றன. பித்தளை அண்டாவும் செப்புக் குடமும் சீருக்குப் போகும். பேர் வெட்டுகிறவர் அண்டாவை மடியில் சாய்த்து, கழுத்து விளிம்பில் மெஷினை ஓட்டி, புள்ளி புள்ளியாகப் பெண் பேர், மாப்பிள்ளை பேர், தேதி என்று இறக்குவார். ஒரு சீருக்கு அப்படி வெட்டும்போது நானும் கடையில் இருந்தேன். "சீக்கிரம் வெட்டுங்க, மாப்பிள்ளை மனசு மாறிறப் போறாரு" என்று பையனின் தாய்மாமன் சிரித்தார். கூடவே வந்திருந்த பையன் சிரிக்கவில்லை. அவன் மனம் எங்கே இருந்தது என்பது மாமனுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். தெரியாதவள் அந்தப் பெண் ஒருத்திதான்.

இரண்டு வருஷம் போவதற்குள் பெண் வீட்டார் வேன் வைத்துச் சீரைத் திரும்ப எடுத்துப் போனார்கள். பையன் வீட்டில் ஊருக்குச் சொன்ன காரணம்: "அந்தப் புள்ளைக்கு அனுசரிச்சுப் போகத் தெரியலீங்க." அவன் பனியன் கம்பெனி வேலைக்குத் திரும்பிவிட்டான். அவளை இரண்டாம் தாரமாகத்தான் கேட்டு வருகிறார்கள். பையனின் விருப்பம் பாவம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பாவத்தை மறைக்க இன்னொரு வீட்டுப் பெண்ணை ஏமாற்றியதை எந்தச் சாமியின் கணக்கில் எழுதுவது?

பெண் பெண்ணை விரும்பினால் கால்கட்டு இன்னும் கொடுமை. அங்கே ஏமாறுகிறவனும் உண்டு, அடைபட்டுக் கிடப்பவளும் உண்டு. மதுரைப் பெண்கள் இருவர், 22 வயதும் 20 வயதும், வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த விஷயம் தனக்கே சரியாக விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு மனநல ஆலோசகரிடம் தாமே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நம் வீடுகளில் எந்தப் பெரிய மனிதர் அப்படிச் செய்வார்? 2021 ஜூன் 7 அன்று அவர் போட்ட உத்தரவு, இவர்களைக் 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்பும் வைத்தியத்துக்குத் தடை போட்டது.

அந்த வழக்கில் என்னை யோசிக்க வைத்தவர்கள் பெற்றோர்கள்தான். பெண்ணோடு வாழ்வதைவிட எங்கள் மகள்கள் கல்யாணமே இல்லாமல் தனியாக இருந்துவிட்டால்கூடத் தேவலை என்றார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருந்தாலும் மூன்றாவது ஆள் தலையில் கட்டிவிடுவோம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் ஊர் வைத்தியத்துக்கு அது எவ்வளவோ மேல்.

குடியாத்தத்துப் பெண் ஒருத்தியை வீட்டார் இழுத்துப் போய், அடித்து, 'சரியாக்க' சடங்கெல்லாம் செய்தார்கள். 25 வயதுப் பெண் அவள். 2025 மே மாதம் அதே நீதிமன்றம் அவள் விரும்பியவளோடு போகலாம் என்று விட்டது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றும் சொன்னது. ஒருபால் திருமணத்தைச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்துக்கு விட்டுவிட்டது.

நாடாளுமன்றம் எப்போது எடுக்குமோ, அது அவர்கள் பாடு. நம் கையில் இருப்பது ஜாதகக் கட்டு மட்டும்தான். இந்த உறவு சரியா தப்பா என்பதில் உங்கள் அபிப்பிராயம் உங்களோடு இருக்கட்டும். பையனோ பெண்ணோ "எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்று இரண்டாம் தடவை சொன்னால், தயவுசெய்து ஜாதகத்தை எடுத்து உள்ளே வையுங்கள். தரகரிடம் கொடுக்காதீர்கள்.